பிழைபட்ட காசும் அதன் விலையும்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில், ஒரு யந்திரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த லிங்கன் சென்ட் காசுகளில் ஆண்டின் இலக்கங்களும் சுற்றியுள்ள எழுத்துக்களும் இரட்டை இரட்டையாகப் பதிந்திருப்பதைப் பரிசோதகர்கள் கண்டபோது, அத்தகைய காசுகள் ஏறத்தாழ நாற்பதாயிரம் அடிக்கப்பட்டுவிட்டன. யந்திரத்தருகே எஞ்சியிருந்தவற்றை உருக்குவதற்கு அனுப்பிவிட்டார்கள். ஆயினும் 20,000 முதல் 24,000 வரையிலான காசுகள் அதற்குள் வேறு யந்திரங்களின் நல்ல காசுகளோடு கலந்துவிட்டபடியால், அந்தச் சொற்பத் தொகைக்காகக் குவியல் முழுவதையும் உருக்குவது வீண் சிரமமென்று கருதி, அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். தானியங்கிப் பெட்டியில் கால் டாலரைப் போட்டு வாங்கும் 23 சென்ட் சிகரெட் பொட்டலத்தில், மீதி இரண்டு சென்ட்டையும் மேலுறைக்குள்ளேயே செருகி விற்கும் வழக்கம் அக்காலத்தில் அந்நாட்டில் இருந்தது. பிழைபட்ட காசுகளில் பல அவ்வழியாகவே ஜனங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, ஓரளவு புழங்கித் தேய்ந்ததாயினும், இன்று ஆயிரம் டாலருக்குக் குறையாமல் விலைபோகிறது.

அதே ஆண்டைத் தாங்கிய வேறொரு வகைச் சென்ட் காசும் உண்டு. அதிலும் ஆண்டின் கடைசி ஐந்து இரட்டித்தாற்போலவே தெரியும். அனுபவமில்லாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே விசேஷமாகவே தோன்றும். ஆனால் சேகரிப்பாளர்கள் அதனை 'ஏழையின் இரட்டைக் காசு' என்று பரிகாசமாக அழைத்துச் சில டாலருக்கு மேல் மதிப்பதில்லை. ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே உலோகம், ஏறக்குறைய ஒரே தோற்றம். இருந்தும் விலையில் இத்தனை வித்தியாசம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால், காசு எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். பிழையைச் சோதிப்பவனும், அதற்கு விலை சொல்பவனும், அதைப் போலியாகச் செய்து விற்பவனும் ஆகிய மூவரும் அந்தப் பிறப்பின் விதிகளுக்கே கட்டுப்பட்டவர்கள்.

யந்திரத்தில் அடிக்கப்படும் எந்தக் காசுக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது வில்லை. உலோகத் தகட்டிலிருந்து வெற்று வட்டங்களை வெட்டியெடுத்து, சூடேற்றி இளக்கி, ஓரங்களை உருட்டி அழுத்திச் சற்றே மேடாக்கிவிடுகிறார்கள். இரண்டாவது அச்சு. உருவம் மேடாக அமைந்த மூல அச்சினை இளக்கிய எஃகுத் துண்டின்மேல் பெரும் பலத்தோடு அழுத்த, அந்த உருவம் எஃகில் பள்ளமாகப் பதிந்து, காசை அடிக்கும் அச்சாகிறது. மூன்றாவது அடி. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, இரண்டுக்கும் நடுவில் வில்லை, அது வெளியே வழிந்துவிடாதபடி சுற்றிலும் ஓர் எஃகு வளையம் என்று அமைத்து ஓங்கி அழுத்தினால், தலையும் பூவும் விளிம்பின் வரிகளும் ஒரே கணத்தில் உருவாகிவிடுகின்றன. நாணயச்சாலையில் பிறந்த தோஷம் எதுவாயினும் அது இம்மூன்றில் ஒன்றைச் சார்ந்தே இருக்கும்; மூன்றிலும் சேராத தோஷம் காசு வெளியே வந்தபின் நேர்ந்த காயமேயன்றி வேறில்லை.

இந்தப் பாகுபாட்டோடு ஓர் எளிய விதியையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாகும். அச்சில் மேடாக இருப்பது காசில் பள்ளமாகும். அச்சு வெடித்திருந்தால் அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து காசின்மேல் மெல்லிய மேட்டுக்கோடு ஓடும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தால், காசின் அந்த இடத்தில் எழுத்தும் உருவமும் இன்றி வெறும் உலோகத் திரட்சி ஒன்று நிற்கும். அச்சின் எழுத்துப்பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால், அந்த எழுத்து காசில் மங்கிப்போகும், அல்லது அறவே இல்லாமற் போகும். ஆகையால், காசின்மேல் உள்ள ஒரு கோடு மேடா பள்ளமா என்பதைப் பூதக்கண்ணாடியால் பார்த்த மாத்திரத்திலேயே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லிவிடலாம்: மேடானால் அது அச்சின் கதை, பள்ளமானால் அது பெரும்பாலும் ஆணியோ கல்லோ கீறிய கதை.

இனி வில்லையின் தோஷங்களைப் பார்ப்போம். தேய்த்து விரித்த மாவில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூரி வெட்டுகிறவர், முன்பு வெட்டிய இடத்தின்மேல் கிண்ணத்தைச் சற்றே பட வைத்துவிட்டால் பிறைபோல் ஓரங்குறைந்த பூரி கிடைப்பதுபோலவே, தகடு சரியாக நகராதபோது பிறைக்குறை பட்ட வில்லைகள் விழுகின்றன. இத்தகைய காசைப் போலியாகச் செய்வது மிக எளிதென்று தோன்றும். நல்ல காசு ஒன்றை எடுத்து அரத்தால் ஓரத்தைப் பிறையாக ராவிவிட்டால் போதுமே என்று எண்ணலாம். ஆனால் உண்மையாகவே குறைபட்ட வில்லை, ஓரத்தை மேடாக்கும் யந்திரத்தில் உருளும்போது, குறைபட்ட இடத்தில் அழுத்தம் கிட்டாமையால் அதற்கு நேரெதிரான இடத்திலும் அழுத்தம் குன்றிவிடுகிறது. அதனால், குறை ஒரு பக்கம் இருக்க, அதற்கு எதிர்ப்பக்கத்து விளிம்பும் மெலிந்து மங்கிக் காணும். 'பிளேக்ஸ்லி விளைவு' என்று இதனைக் கூறுவர். அதுவுமன்றி, அடி விழும்போது உலோகம் குறைபட்ட வெளியை நோக்கிப் பாய்வதால், அதனருகிலுள்ள எழுத்துக்கள் அந்தப் பக்கமாக இழுபட்டுக் கரைந்ததுபோல் தெரியும். அரத்தால் ராவியவன் இவ்விரண்டையும் செய்ய இயலாது. அவனுடைய காசில் எதிர்விளிம்பு திடமாக நிற்பதும், எழுத்துக்கள் கத்தியால் நறுக்கினாற்போல் முடிவதும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லையின் உலோகமே மாறிவிடுவது இன்னும் அபூர்வமானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தளவாடங்களுக்குத் தாமிரம் தேவைப்பட்டதால், 1943இல் அமெரிக்க சென்ட் காசுகள் நாகமுலாம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டன. முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில, பெட்டிகளின் மூலைமுடுக்குகளில் சிக்கிக் கிடந்து, எஃகு வில்லைகளோடு கலந்து யந்திரத்துக்குள் போய்விட்டன. இப்படிப் பிறந்த வெண்கலக் காசுகளில் இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. ஒரு காலத்தில், இக்காசு ஒன்றைக் கொண்டுவந்தால் ஹென்றி போர்டு புது மோட்டார் வண்டி கொடுப்பார் என்று ஊரெல்லாம் வதந்தி உலவிற்று. அது வெறும் வதந்தியே. ஆனால் பிற்காலத்து விலைகள் அந்த வதந்தியையும் மிஞ்சிவிட்டன. 1947இல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மாணவன் ஒருவனுக்குச் சில்லறையாகக் கிடைத்த காசு 2019இல் 2,04,000 டாலருக்கு ஏலம்போயிற்று. டென்வர் நாணயச்சாலையின் முத்திரை தாங்கிய ஒன்று 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இத்தகைய விலை உள்ள இடத்தில் போலி இல்லாமலிராது. எஃகுக் காசுக்குத் தாமிர முலாம் பூசியவர்கள் உண்டு; அவர்களை ஒரு காந்தத்துண்டு தோற்கடித்துவிடும், ஏனெனில் எஃகைக் காந்தம் இழுக்கும், வெண்கலத்தை இழுக்காது. 1948ஆம் ஆண்டின் வெண்கலக் காசில் எட்டின் இடப்பக்கத்தைச் செதுக்கி மூன்றாக்கியவர்களும் உண்டு. அவர்களிடம் காந்தம் பலிக்காது. எடையும் பலிக்காது, எஃகுக் காசு 2.70 கிராம், வெண்கலக் காசு 3.11 கிராம் என்னும் கணக்கில் இவர்களுடைய காசும் வெண்கலத்தின் எடையையே காட்டும். அங்கே இலக்கத்தின் வடிவமே சாட்சி. 1943ஆம் ஆண்டின் மூன்று நீண்டு இறங்கும் வாலுடையது. எட்டிலிருந்து குறைத்த மூன்றுக்கு அந்த வாலைச் சேர்க்க எந்தச் செதுக்குளியாலும் ஆகாது. காந்தம், தராசு, பூதக்கண்ணாடி என்னும் மூன்றில் ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடித்துவிடுகிறது.

அச்சின் தோஷங்களுக்கு வருவோம். பிலடெல்பியாவின் இரட்டைக்காசு அச்சில் பிறந்த பிழை. மூல அச்சினை எஃகின்மேல் ஒருமுறை அழுத்தியதும் எஃகு இறுகிவிடுவதால், உருவம் முழு ஆழத்துக்கு இறங்க வேண்டுமானால், அதை மீண்டும் சூடேற்றி இளக்கி, முதலிற் பதிந்த இடத்திலேயே அணுவளவும் பிசகாமல் மறுபடி அழுத்த வேண்டும் என்பது அக்காலத்து முறை. அந்த இரண்டாம் அழுத்தத்தில் எஃகு சிறிது சுழன்று அமர்ந்துவிட்டபடியால், ஒரே அச்சில் இரண்டு பதிவுகள் நேர்ந்தன. சுழற்சியில் மையத்துக்கு அருகிலுள்ளது கொஞ்சமே நகரும், விளிம்பருகில் உள்ளது அதிகம் நகரும். ஆகவே லிங்கனின் முகம் ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்க, ஓரத்திலுள்ள வாசகமும் ஆண்டும் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி விலகி நின்றன. தோஷம் தலைப்பக்கத்து அச்சுக்கு உரியதாகையால் பின்பக்கம் சுத்தமாகவே இருக்கும். ஆனால் அங்கே 'சென்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு இடப்புறம், அச்சை மெருகிட்டதனால் உண்டான மெல்லிய மேட்டுக்கோடுகள் உண்மைக்காசில் காணப்படும். பிழையுள்ள பக்கத்தை நகலெடுக்கும் கள்ளன் பிழையற்ற பக்கத்தில் கவனம் வைப்பதில்லை என்பதை அறிந்த பரிசோதகன், முதலில் காசைத் திருப்பித்தான் பார்ப்பான்.

அந்த எழுத்துக்களில் ஒன்றைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினால் விஷயம் தெளிவாகும். இரண்டு முழு எழுத்துக்கள், ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகி, இரண்டுமே உருண்டு திரண்டு எழுந்து நிற்கும். அவற்றின் முனைகள் சந்திக்கும் மூலையில் சிறிய வெட்டுப்போல் ஒரு பிளவு தெரியும். இரட்டித்த எழுத்து சாதாரண எழுத்தைவிட அகன்றிருக்கும். இது அச்சிலேயே இரட்டித்ததன் லட்சணம். காசை அடித்த கணத்தில் அச்சு சிறிது ஆடிவிட்டாலும் இரட்டைத் தோற்றம் உண்டாவதுண்டு. ஆனால் அங்கே, எழுந்து நின்ற எழுத்தின் ஒரு பக்கத்தை ஆடிய அச்சு நசுக்கித் தட்டையாக்கிப் படிக்கட்டுப்போல் ஓர் ஓரத்தை விட்டிருக்குமேயல்லாமல், இரண்டாவது எழுத்து என்று ஒன்று இராது. எழுத்து அகலாமல் மாறாக மெலிந்திருக்கும். ஏழையின் இரட்டைக்காசோ இவ்விரண்டிலும் சேராதது. லட்சக்கணக்கான அடிகளால் அச்சின் எழுத்தோரங்கள் தேய்ந்து அகன்றதன் விளைவு அது. அச்சு ஆடுவதும் தேய்வதும் எல்லா நாணயச்சாலைகளிலும் நாள்தோறும் நடப்பவை. அச்சே இரட்டைப்பதிவோடு பிறந்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விலகி, பரிசோதனையையும் தப்பிவருவதுதான் எப்போதோ ஒருமுறை நிகழ்வது. விலையின் வித்தியாசம் அங்கிருந்தே வருகிறது.

ஒரு தோஷத்தைத் திருத்தப்போய் மற்றொரு தோஷம் விளைவதும் உண்டு. நடுவில் வில்லை விழாமலே இரண்டு அச்சுக்களும் மோதிக்கொண்டால், ஒன்றின் உருவம் மற்றொன்றின்மேல் நிழல்போல் ஏறிவிடும். 1937இல் டென்வர் நாணயச்சாலையில் எருமை பொறித்த ஐந்து சென்ட் நாணயத்தின் அச்சு இப்படி மோதியபோது, அந்த நிழலைப் போக்க அச்சினை அளவுக்கு மீறித் தேய்த்து மெருகிட்டதில், எருமையின் முன்னங்கால் ஒன்று குளம்பு மட்டும் எஞ்ச மறைந்துபோயிற்று. மூன்றுகால் எருமை என்று புகழ்பெற்ற அந்நாணயத்தைப் போலியாகச் செய்வோர், சாதாரண நாணயத்தில் ஒரு காலை ராவிவிடுவது வழக்கம். ஆனால் அச்சைத் தேய்த்தவன் காலை மட்டும் தேய்க்கவில்லை. ஆகையால் உண்மை நாணயத்தில் பின்னங்காலும் பூச்சி அரித்ததுபோல் மெலிந்திருக்கும். வயிற்றின் அடியிலிருந்து தரைவரை மேடான புள்ளிகள் ஒரு வரிசையாக இறங்கும். போலியிலோ, மற்ற மூன்று கால்களும் கொழுத்து நிற்க, நான்காவது இருந்த இடம் மட்டும் பள்ளமாகக் கிடக்கும்.

மூன்றாவதான அடியின் தோஷங்கள்தாம் கண்ணுக்கு மிகவும் விநோதமானவை. வில்லை வளையத்துக்குள் சரியாக அமராதபோது உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, எஞ்சிய இடம் வெறுமையாக நிற்கும். வளையமே மேலெழும்பாவிட்டால், உலோகம் தடையின்றிப் பரந்து, விளிம்பில் வரிகளற்ற அகன்ற காசாகிவிடும். ஓர் அச்சு தன் இருக்கையில் தளர்ந்து சுழன்றுவிட்டால் தலைக்கும் பூவுக்கும் திசை மாறும். சுதந்திர இந்தியாவின் நாணயத்தைப் புத்தகத்தின் ஏட்டைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் இருபக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்பதால், சாய்ந்தோ தலைகீழாகவோ நிற்கும் காசை எவரும் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். நம் நாட்டுக் காசுகளில் இந்தச் சுழற்சி அடிக்கடி அகப்படுவதாகையால், சிறிய சாய்வுக்கு விலை சொற்பமே; நேர் தலைகீழாக நிற்பதற்குத்தான் கிராக்கி.

அடியின் தோஷங்களில் அறிவுக்கு அதிக விருந்தளிப்பது, ஒரே உருவம் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் கண்ணாடியிற் கண்டதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகவும் விழுந்த காசு. அடித்த காசு வெளியே விழாமல் மேலச்சில் ஒட்டிக்கொண்டுவிட, அடுத்த வில்லையின்மேல் அந்தக் காசே அச்சாக இறங்குவதால் இது நேர்கிறது. ரோமாபுரிக் குடியரசின் வெள்ளி டெனாரியஸ் நாணயங்களில் இவ்வகை கணிசமாகக் கிடைக்கிறது. அவற்றிலும் தலைப்பக்க உருவம் இருபுறமும் விழுந்தவையே மிகுதி. பட்டடையில் பதித்த கீழச்சில் தலையும், கையிற் பிடித்த மேலச்சில் மற்றப் பக்கமும் இருந்தன. கீழச்சில் ஒட்டிய காசு அடிப்பவன் கண்முன்னே கிடந்து உடனே அகற்றப்பட்டது. மேலச்சில் ஒட்டியதோ, தலைப்பக்கம் கீழ்நோக்கியபடி அவன் பார்வைக்கு மறைந்து நின்று, அடுத்த வில்லையில் தலையைப் பள்ளமாகப் பதித்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பட்டறையில் எந்தக் கருவி எங்கே இருந்தது, எவன் எதைப் பார்க்க முடிந்தது என்பதையெல்லாம் ஒரு பிழையே நமக்குப் பிரத்தியட்சமாகச் சொல்லிவிடுகிறது.

இதனைப் போலியாகச் செய்பவர்கள் இரண்டு நல்ல காசுகளைச் சேர்த்துவைத்து இடுக்கிக்கட்டையில் இறுக்கிப் பிழிவார்கள். அப்போதும் எழுத்துக்கள் இடவலம் மாறிப் பள்ளமாக விழத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கத்தில் முன்னமேயிருந்த உருவம் எங்கே போகும்? நசுங்கித் தட்டையாகி, பள்ளமான எழுத்துக்களின் அடியிலேயே கிடக்கும். உண்மையான பிழைக்காசிலோ அந்தப் பக்கத்தின் சொந்த உருவம் பிறக்கவேயில்லை. பள்ளமான உருவம் மட்டுமே முழுமையாக இருக்கும். முதல் அடியில் விழுந்ததானால் அது கூர்மையாகவும் அளவு மாறாமலும் இருக்கும். பல அடிகளுக்குப் பின்னர், ஒட்டிய காசு நசுங்கிப் பரந்துவிடுவதால், உருவமும் பரந்து சிதைந்திருக்கும். முதலாவதற்கே விலை அதிகம்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் யந்திரத்தின் நியதிகள். கையால் சம்மட்டிகொண்டு அடித்த காலத்துக்குப் போனால் பிழையின் அளவுகோலே மாறிவிடுகிறது. மொகலாயர் ரூபாய்களில் அச்சு வில்லையைவிடப் பெரியதாகையால் வாசகம் முழுவதும் காசில் விழுவதில்லை. ஒன்றில் ஆண்டு விடுபடும், மற்றொன்றில் ஊர்ப்பெயர் விடுபடும். சோழர் செப்புக்காசுகளிலும் உருவம் ஓரத்துக்கு ஒதுங்கியிருப்பது சர்வ சாதாரணம். அங்கே முழுமையின்மை பிழையன்று, இயல்பு. ஊரும் ஆண்டும் முழுவதும் தெரியும் ரூபாய்க்கே சேகரிப்பாளர் கூடுதல் கிரயம் கொடுக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்ஹாமில் மாத்யூ போல்ட்டன் நீராவி யந்திரத்தால் காசு அடிக்கத் தொடங்கி, 1803இலும் 1808இலும் மதராஸ் ராஜதானிக்கான செப்புக்காசுகளையும் அங்கிருந்தே அடித்து அனுப்பியபோது, நம் கடைவீதிகளுக்கு ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும் காசு வந்துசேர்ந்தது. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியபோது அது நியதியே ஆயிற்று. அன்றுமுதல் முழுமை மலிந்தது, பிழை அருகியது. கையடிக் காசில் முழுமைக்குக் கொடுத்த கூடுதல் கிரயத்தை யந்திரக்காசில் பிழைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு நாணயச்சாலை எவ்வளவு நேர்த்தியாக வேலைசெய்யுமோ, அவ்வளவுக்கு அதன் பிழை விலையேறும் என்று பொதுவிதியாகச் சொல்லலாம்.

பிழையென்று மயங்கத்தக்க வேறு சில உண்டு. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அது நாணயமாகச் செல்லாதிருக்கும்படி பிற்காலத்தில் வேண்டுமென்றே இட்ட வெட்டென்பது அறிஞர் அபிப்பிராயம். அதற்குச் சரித்திர மதிப்பு மிகப் பெரிது. ஆனால் அது நாணயச்சாலையின் பிழையன்று. 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் பொறித்த யானை துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றியதால் முஸ்லிம்களிடையே மனத்தாங்கல் எழுந்து, அந்த ரூபாய் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு துதிக்கை நீண்ட யானையோடு புது அச்சு வந்தது. 'பன்றி ரூபாய்' என்று பெயர்பெற்ற அதுவும் சித்திரம் வரைந்தவரின் குறையேயொழிய அடித்தவரின் குறையன்று. ஆண்டின் கீழுள்ள சிறு குறிகளைப் பிழையென்று எண்ணி மகிழ்வோரும் பலர். மும்பைக்கு வைரவடிவம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி, கல்கத்தாவுக்கு ஒன்றுமில்லாமை என்று அவை பிறந்த ஊரைக் காட்டும் குறிகளாம்.

ஒரு காசைக் கையிலெடுத்து இவ்விதிகளைப் பிரயோகித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. யுத்தகால உலோகத் தட்டுப்பாட்டில் 1943இல் வந்த ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்வோம். ஓட்டையே இல்லாத காலணா ஒன்றை ஒருவர் கொண்டுவந்தால் என்ன செய்வது? ஓட்டையில் போகவேண்டிய உலோகம் போகாததால் அதன் எடை சாதாரணக் காலணாவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் ஓட்டையை அடைத்துப் பற்றவைத்த காசும் எடை கூடித்தான் நிற்கும். ஆகவே தராசோடு நின்றுவிடாமல், நடுவில் வட்டமாக ஒரு பொருத்துக்கோடு ஓடுகிறதா, நிறம் மாறுகிறதா என்று கண்ணாடியால் நோக்க வேண்டும். மாறாக, ஓட்டை மையத்திலிருந்து விலகிய காலணாவை ஒருவர் கொண்டுவந்தால், சந்தேகம் அவ்வளவு வேண்டியதில்லை. ஏனெனில் நடுவில் ஏற்கனவே ஓட்டையுள்ள காசில் அந்த ஓட்டையை இடம் பெயர்க்க யாராலும் ஆகாது. பழைய ஓட்டையைப் பெரிதாக்க மட்டுமே முடியும், அதையோ அளவுகோல் சொல்லிவிடும்.

பிழை உண்மையென்று நிலைபெற்ற பிறகே விலை நிர்ணயம் வருகிறது. அதில் முதல் அம்சம் எண்ணிக்கை. 2008இல் பிரிட்டிஷ் நாணயச்சாலை இருபது பென்ஸ் நாணயத்தின் ஆண்டினைப் பின்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு மாற்றியபோது, பழைய தலையச்சையும் புதிய பின்னச்சையும் தவறுதலாகச் சேர்த்து அடித்துவிட்டதால், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இல்லாத புதுமையாக, எப்பக்கத்திலும் ஆண்டே இல்லாத நாணயம் புழக்கத்துக்கு வந்தது. செய்தி பெரிது, ஆனால் எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்குக் குறைவு என்ற அளவில் ஏராளமாகையால், அதன் விலை முகமதிப்பைப்போல் பன்மடங்காயினும், 1943இன் வெண்கலக் காசுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கதன்று. இரண்டாவது அம்சம், கண்ணுக்குத் தெரிவது. பூதக்கண்ணாடிக்கு மட்டும் புலப்படும் பிழைக்கு நிபுணர்களின் பாராட்டு உண்டு, பணம் குறைவு. மூன்றாவது, விரும்புவோர் தொகை. உலகில் ஒன்றே ஒன்றான பிழைக்காசும், அந்த வரிசையைச் சேர்ப்பவர் இல்லாவிடில் மலிவாகவே போகும். அச்சின் பிழை ஒரே மாதிரியாகப் பல காசுகளில் விழுவதால், அதற்குப் பெயரும் பட்டியலில் இடமும் ஏற்பட்டு, சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் தமக்கும் ஒன்று வேண்டுமென்று தேடுகிறார்கள். அடியின் பிழையோ தனித்தனி ஆதலால், அதற்கென்று நிலைத்த சந்தை ஏற்படுவது அரிது.

நான்காவது அம்சம் காசின் நிலை. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை தரவெண் வகுத்து, எழுபதாம் தரத்துக் காசு முதல் தரத்துக் காசைவிட எழுபது மடங்கு பெறும் என்று விலையையும் அதனோடு பிணைத்தார். அந்த விலைக்கணக்கு காலத்தில் கழிந்துபோயினும், தரவெண் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆகையால், பிழைக்காசு ஒன்று அகப்பட்டதென்று ஐயுற்றால், புளிபோட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குவதைப்போன்ற அறியாமை வேறில்லை. துலக்கும்போது அடியின் இயற்கைப் பொலிவு போய்விடுவதோடு, மேற்சொன்ன மேட்டுக்கோடுகளும் பிளவுகளும் தேய்ந்து, பிழையின் சாட்சியங்களும் அழிந்துவிடுகின்றன. ஓரங்களை இரு விரலால் பிடித்து, எடையைப் பத்தில் ஒரு பங்கு கிராமுக்காவது துல்லியமாக நிறுத்து, அதே ஆண்டின் நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்கள் பெருகியதால், 2021இல் ரிசர்வ் வங்கியே ஜனங்களை எச்சரிக்க நேர்ந்தது. அவர்கள் வலையில் விழுகிறவர்களுக்குப் பேராசை மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. காசு எப்படிப் பிறக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லாததும் ஒரு காரணம். வில்லை, அச்சு, அடி என்னும் மூன்றையும் அறிந்தவனிடம் ஒருவர் விநோதக் காசைக் காட்டினால், அவன் விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்த மூன்றில் எங்கே இது பிறந்திருக்கக்கூடும் என்று கேட்பான். அதற்கு விடை கிடைத்தால் விலைக்கு நாணயவியல் பட்டியல்களும் ஏலக் கணக்குகளும் உண்டு. விடை கிடைக்காத காசை, அது எத்தனை விநோதமாயிருந்தாலும், முகமதிப்புக்குமேல் ஒரு காசும் கொடுத்து அவன் வாங்கமாட்டான்.